ஜோடி ராஞ்சு என்று 18,000 வாங்கிக்கொண்டு எதை அனுப்பினார்கள் என்று படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் சனியன் தொலைந்தது என்று விட்டுவிடுவேன், அந்த ஆளுக்கு வேண்டியதும் அதுதான். ஆன்லைனில் அலங்கார மீன் விற்கும் ஒருவரிடம் ஜப்பான் லைன் (ஜப்பான் வம்சாவளி) ராஞ்சு, ப்ரீடிங் ஜோடி என்று நம்பி 18,000 ரூபாய் கட்டினேன். வந்ததில் ஒன்று கழித்துப் போட்ட மீன், இன்னொன்று ராஞ்சே இல்லை. பெயரைக் கேட்டு மெசேஜ் போடாதீர்கள், சொல்லப்போவதில்லை. கடை முகவரி கிடையாது, ஒரு போன் நம்பரும் தினமும் ஏறும் வீடியோக்களும்தான் மொத்தக் கடையும். இந்த வகையில் ஒருவர் இரண்டு பேர் இல்லை.

ஒரு மீனுக்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். ராஞ்சு என்பது முதுகுத் துடுப்பே இல்லாத கோல்ட்பிஷ். தலைக்குப் பின்னாலிருந்து முதுகு ஒரே வளைவாக, எங்கும் மேடு பள்ளம் இல்லாமல் போய், வாலுக்குச் சற்று முன்னால் சட்டென்று இறங்க வேண்டும். தலையில் சதை வளர்த்தி. சீனத்து லயன்ஹெட்டுக்கும் முதுகுத் துடுப்பு இல்லை, தலையில் சதையும் உண்டு, ஆனால் உடம்பு நீளம், முதுகு தட்டை. இன்று நாம் பார்க்கும் ராஞ்சு ஜப்பானில் மெய்ஜி காலத்தில், டோக்கியோவில் இஷிகாவா கமேகிச்சி போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. அங்கே போட்டியில் மீனை வாய் அகன்ற பேசினில் விட்டு மேலிருந்துதான் பார்ப்பார்கள்: அகலமான தலை, தடித்த வாலடி, இரண்டு பக்கமும் சமமாக விரியும் வால். தாய்லாந்து ராஞ்சு தொட்டியில் பக்கவாட்டில் பார்ப்பதற்காக வளர்த்தது, வயிறு ஆழமாக இருக்கும், வால் இறக்கம் இன்னும் செங்குத்து. ராஞ்சையும் லயன்ஹெட்டையும் கலந்து எடுத்தது லயன்சூ. ராஞ்சு உடம்பே கலிகோவில், அதாவது பல நிறம் கலந்த புள்ளிகளோடு வந்தால் எடோநிஷிகி. தலையில் சதையே இல்லாமல், சின்னத் தலையோடு இருப்பது ஷிமானே பக்கத்து நான்கின்.

இவ்வளவு வகை இருப்பதுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி. குஞ்சாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்வது கஷ்டம். அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. நல்ல ராஞ்சு ஜோடி போட்ட முட்டையிலிருந்தே வால் கோணலானது, முதுகில் துடுப்புத் துணுக்கு முளைத்தது, முதுகு பள்ளம் விழுந்தது என்று ஏராளமாக வரும். வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பப் பொறுக்கிக் கழித்துக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் தேறுவது கொஞ்சம்தான். அந்தக் கழிவு எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. இப்போது என் தொட்டியில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் முதலில் மீனை விற்கவே முயலவில்லை. லயன்ஹெட்டுக்கும் ராஞ்சுக்கும் என்ன வித்தியாசம், வாலை மேலிருந்து எப்படிப் பார்க்கணும், எந்தத் தீனி, எவ்வளவு தண்ணி மாத்தணும் என்று பாடமே எடுத்தார். "லயன்ஹெட்டை ராஞ்சுன்னு உங்க தலையில கட்டிடுவாங்கண்ணா, ஜாக்கிரதை" என்று எச்சரித்தது யார் தெரியுமா? இவரேதான். தோசாய், நிசாய், ஓயா என்று ஜப்பான் போட்டியின் வயதுப் பிரிவெல்லாம் சரளமாக வந்தது. வீடியோவில் ஒரு சிவப்பு வெள்ளை மீனைக் காட்டி அதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். உடனே, "அது வேண்டாம்ணா, வால் இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, உங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல" என்றார். அந்த இடத்தில் நான் முழுசாக விழுந்தேன். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் வியாபாரியை யார்தான் நம்பமாட்டார்கள்? வேறு இரண்டு மீன்களைக் காட்டினார், உள்ளங்கை அளவு, ஒன்று முழுச் சிவப்பு, ஒன்று சிவப்பு வெள்ளை. ஆண் மீனின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் இருந்த வெள்ளைப் புள்ளிகளைக் கிட்டே காட்டி, "பாருங்கண்ணா, சீசன்ல இருக்கு" என்றார். ஆண் கோல்ட்பிஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அப்படிப் புள்ளி வரும் என்பது உண்மை. அவர் சொன்னது எல்லாமே உண்மைதான், அனுப்பிய மீனைத் தவிர.

பாதிப் பணம் முன்னால், மீதி மீன் வந்ததும் தரட்டுமா என்று கேட்டேன். "உயிருள்ள சரக்குண்ணா, பாதிப் பணத்துக்குப் பாதி ஆக்சிஜனா போட முடியும்?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே 18,000 முழுவதையும் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. பையில் தண்ணீர் மஞ்சளாக, நாற்றத்தோடு, மீன் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டு. உள்ளங்கை அளவு எங்கே, என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கூடவே ஒரு அச்சடித்த சீட்டு, பையைத் திறந்து ஒரு மணி நேரம் தொட்டியில் மிதக்க விடச் சொல்லி. இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரில் அமிலத்தன்மை கூடி பிஎச் இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அமோனியா அவ்வளவாகக் கடிக்காது. திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அமோனியா விஷமாகும். மூடிய பையாகவே மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் உடனே எடுத்து விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்படிச் செய்ததால்தான் இரண்டும் பிழைத்தன.

சிவப்பு மீன் மேலிருந்து பார்க்க ஒல்லியாக நீண்டு கிடந்தது, பக்கத்தில் பார்த்தால் முதுகு பலகைத் தட்டை. அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தின்படியே அது லயன்ஹெட். சிவப்பு வெள்ளை மீனின் முதுகு நடுவில் செதில் இல்லாமல் வெளுத்த ஒரு சின்னத் தடம் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "பாக்கிங்ல உரசியிருக்கும் சார், ஆறிடும்" என்றார். கவனியுங்கள், பணம் போகும்வரை அண்ணா, பெட்டி வந்ததும் சார். தடம் ஆறவில்லை. கொஞ்ச நாளில் அதிலிருந்து நிறமில்லாத ஒரு முள் தலை நீட்டியது, தண்ணீரில் மீன் திரும்பும்போது வெளிச்சம் பட்டு மின்னும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது, பின்னாலேயே மெல்லிய சவ்வும் சேர்ந்தது. முதுகுத் துடுப்புத் துணுக்கு! கத்தரிக்கோலால் செதில் மட்டத்துக்கு நறுக்கி, மழமழவென்று ஆக்கி அனுப்பியிருக்கிறார்கள். கோல்ட்பிஷ் துடுப்பை அடியோடு எடுக்காமல் நுனியை மட்டும் வெட்டினால் திரும்ப முளைக்கும், அது அவர்களுக்கும் தெரியும், பணம் கைக்கு வந்தபிறகு முளைத்தால் அவர்களுக்கென்ன.

நிறமும் வெளுத்துவிட்டது. சிவப்பு நிறமியை மீன் தானாகத் தயாரிக்காது, தீனியிலிருந்துதான் வரவேண்டும். அஸ்டாசாந்தின் மாதிரி நிறமி கலந்த தீனி ஏற்றிப் போட்டால் தகதகவென்று இருக்கும், நிறுத்தினால் இறங்கும். தீனியோடு போனால்கூடப் பரவாயில்லை, வீடியோவிலும் நிறத்தை ஏற்றியிருக்கிறார். அந்த வீடியோவை இப்போது ஓட்டிப் பார்த்தால், பேசின் ஓரத்தில் தெரியும் அந்த ஆளின் விரலே ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. ஜோடி விஷயம் கேட்கவே வேண்டாம், இந்த வயதுக் குஞ்சில் ஆண் எது பெண் எது என்று யாரும் நம்பிச் சொல்ல முடியாது. இதற்குத்தான் 18,000.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில், அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா? இருக்கிறது, அனுப்பினேன். நடுவில் கட் ஆகியிருக்கு, செல்லாது என்றார்கள். கட் ஆகவே இல்லை. அடுத்து, உங்கள் தண்ணீர் சரியில்லை, ஸ்ட்ரெஸ்ஸில் மீன் சுருங்கியிருக்கும். உள்ளங்கை அளவு மீன் ஸ்ட்ரெஸ்ஸில் கட்டைவிரலாகச் சுருங்குமாம், கேட்டுக்கொள்ளுங்கள். முள்ளைக் காட்டினேன், "வளர வளர செட் ஆயிடும் சார்." எது செட் ஆகும், துடுப்பா? உயிரோடு சேர்ப்பதற்கு மட்டும்தான் கேரண்டி, மீன் உயிரோடுதானே இருக்கிறது என்று ஒரு நாள். அனுப்பும் பையன் மாற்றிப் போட்டுவிட்டான், ஓனரிடம் பேசுகிறோம் என்று இன்னொரு நாள். அதுவரை ஓனர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த ஆர்டரில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார். என் 18,000ஐத் திருப்பிக் கொடு என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை, பிறகு பிளாக். வீட்டில் இன்னொரு போனிலிருந்து பார்த்தால் அதே பேசின் வீடியோ, "கடைசி ஜோடி, முந்துங்கள்" என்று புதுசாக ஏற்றியிருக்கிறார். கடைசி ஜோடி இன்னும் எத்தனை 18,000 சம்பாதிக்குமோ.

ராஞ்சு எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது, அவசரமாகச் சில. வீடியோ காலில், நீங்கள் சொல்லும் நேரத்தில், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டச் சொல்லுங்கள். பேசின் பக்கத்தில் வெள்ளைத் தாளும் ஒரு ஸ்கேலும் வைக்கச் சொன்னால் நிறமும் அளவும் தெரிந்துவிடும். முதுகில் விரலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், செதில் வரிசை விட்டுப்போன இடம் இருந்தால் கேள்வியே வேண்டாம். மிகச் சின்ன மீனை ஜோடி என்று விற்றால் பொய். முழுப் பணம் முன்னால் கேட்டால் வேண்டாம். வந்த மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் நேராகப் பழைய தொட்டியில் விடாதீர்கள், கோல்ட்பிஷ் ஹெர்பெஸ் என்ற வைரஸ் நோய் வந்தால் தொட்டியே காலி. சில வாரம் தனித் தொட்டி, ஸ்பாஞ்ச் பில்டர், லிட்டருக்கு 3 கிராம் உப்பு, தீனி கொஞ்சமாக.