புயல் அடித்ததும் வேன் ஏறுவதா, வருடம் முழுக்க குழுவில் இருப்பதா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. மறுநாளே, கூட வேலை பார்ப்பவர்கள் ஏற்பாடு செய்த வேனில் நானும் ஏறிவிட்டேன். அப்போது தஞ்சாவூரில் ஸ்டாஃப் நர்ஸ். 2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்துக்குப் போனது வேறு மாதிரி. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு தன்னார்வ மருத்துவக் குழுவில் பெயர் கொடுத்துப் பயிற்சி எடுத்திருந்தேன். இரண்டு விதமாகவும் போய் வந்தவள் என்பதால், எதில் சேரலாம் என்று ஜூனியர்கள் கேட்டால் குழுவில் சேரத்தான் சொல்கிறேன்.

வேனில் போவதன் பெரிய நன்மை வேகம். மூன்று நாள் லீவு, கைச்செலவுக்குப் பணம், அவ்வளவுதான். குழு என்றால் மாதம் ஒரு ஞாயிறு போய்விடும். அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தாலும், நோயாளி பக்கம் விடாமல் ஸ்டாக் நோட்டு எழுத உட்கார வைக்கலாம். எனக்கு முதல் நாள் அதுதான் வேலை.

இதெல்லாம் சேருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான். புயலும் வெள்ளமும் இல்லாத நாட்களில் அந்தக் குழு என்ன செய்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கஜா சமயத்தில் வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். மரம் வெட்டும்போது அரிவாள் பட்டவர்கள், ஓடு மாற்ற ஏறி விழுந்தவர்கள் என்று காயத்தோடு வந்தவர்கள் உண்டு. ஆனால் சுகர், பிரஷர் மாத்திரை தொலைந்துபோய் வந்தவர்களே அதிகம். ஒரு பாட்டியிடம் மாத்திரை பேர் கேட்டேன். "பேரு தெரியலம்மா. சின்ன வெள்ளை மாத்திரை, காலையில ஒன்னு. கூரையோட போயிருச்சு" என்றார். பிரஷர் பார்க்கலாம் என்றால் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஊரில் கரண்ட் இல்லை, திறந்த கடையும் இல்லை. பக்கத்து முகாமில் கடன் வாங்கி வந்து பார்த்தால் 190/110.

எங்களிடம் இருந்த அட்டைப்பெட்டிகளில் பாதி, நல்ல மனதோடு ஜனங்கள் கொடுத்த இருமல் சிரப், சத்து மாத்திரை, தேதி கிழிந்த அட்டைகள். நன்கொடை மருந்துக்கு வந்து சேரும்போது ஒரு வருடமாவது காலாவதித் தேதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எங்களில் இரண்டு பேருக்கு அந்தப் பெட்டிகளைப் பிரிப்பதிலேயே அரை நாள் போய்விட்டது. பாட்டிக்கு ஒரு வாரத்துக்கு அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை தேடிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வேன் திரும்பிவிட்டது. எட்டாம் நாள் மாத்திரைக்கு அவர் யாரிடம் போவார் என்று நாங்கள் யாருமே கேட்டு வைக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியிருந்தது. நாங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே மருந்துப் பெட்டி முழுவதையும் கொட்டி எண்ணி, தேதி நெருங்கியதை மாற்றியிருந்தோம். அதனால் இறங்கியதும் வேலை ஆரம்பித்தது. வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கும்போது, கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் தனியாகப் பிரிக்க வேண்டும். அதைப் பயிற்சியில் பல தடவை செய்து பார்த்திருந்ததால் தடுமாறவில்லை. ஃபிரிட்ஜ் ஓடாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், உள்ளே இன்சுலின் என்று வைத்துக் காட்டினோம்.

அப்புறம் சீட்டு. யாருக்கு என்ன மாத்திரை என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி எழுதினோம். ஒன்று அவர் கையில், இன்னொன்று கிராம சுகாதார செவிலியரிடம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களிடமும் அந்தப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. யாரைக் கேட்க வேண்டும், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்பதெல்லாம் மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் முடிவானவை.

எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற சர்வதேச அமைப்புகளில் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே நர்ஸ் என்றால் பெரும்பாலும் மாதக்கணக்கில் போக வேண்டும், வேலையை விடாமல் முடியாது. நான் போனதில்லை, அதனால் அதற்குமேல் சொல்ல மாட்டேன். ஆனால் சர்வதேச அவசர மருத்துவக் குழுக்களுக்கான ஒரு விதியை நம் சின்னக் குழுவும் எடுத்துக்கொள்ளலாம்: சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எல்லாம் கையோடு கொண்டு போக வேண்டும், போகிற ஊருக்குப் பாரமாகக் கூடாது. கஜாவின்போது நாங்கள் முகாம் சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்தது புயலும் வெள்ளமும்தான். நிலநடுக்கம், நிலச்சரிவு என்றால் முதல் நாளிலேயே எலும்பு, ஆபரேஷன் என்று கணக்கு மாறும். சர்ஜரி, அனஸ்தீசியா பக்கம் இருப்பவர்கள் அங்கே போய் வந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மற்றவர்கள், பெயர் கொடுப்பதற்கு முன் குழுவின் மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது எண்ணினார்கள் என்று நோட்டில் பாருங்கள். பிரஷர் கருவியையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.