டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6: ஒயர் இழுக்கத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரவுட்டரை வாங்கி வந்து, ஹாலில் இருக்கும் ஃபைபர் மோடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, இனி மாடியிலும் நெட் பறக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு இது தண்டச் செலவு. அதையே ஒரு கேட் 6 ஒயர் (நெட்டுக்கான லேன் ஒயர்) இழுத்து மாடிக்குக் கொண்டுபோய் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது மோடத்திலிருந்து ஒயரில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக ஓட்டினால், 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்ததற்கு வஞ்சகமில்லாமல் உழைக்கிறது.

எங்களுடையது தாம்பரம் பக்கம் கீழும் மேலுமாகத் தனி வீடு. ஒன்பது இன்ச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் போட வந்தவர்கள் எல்லா வீட்டிலும் செய்வதையே இங்கும் செய்தார்கள்: ஒயர் வாசல் பக்கம் நுழைகிறதா, சரி, அங்கேயே டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மோடத்தை மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நேராக இரும்பு பீரோ. ஹாலில் பிளானில் சொன்ன 150 எம்பிபிஎஸ் முழுசாக வரும், மாடி அறைக்குப் போனால் வீடியோ காலில் பேசுகிறவர் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார். கஸ்டமர் கேரில் யார் எடுத்தாலும் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற ஒரே மந்திரம்.

எதையும் வாங்கும் முன் கோளாறு லைனிலா வைஃபையிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், பலர் இதைச் செய்வதே இல்லை. லேப்டாப்பில் கமாண்ட் விண்டோ இரண்டைத் திறந்து, ஒன்றில் மோடத்தையே பிங் செய்யுங்கள் (அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்; மோடத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8ஐ. முதலில் லேன் ஒயரை மோடத்தில் நேராகச் செருகிப் பாருங்கள், அப்புறம் ஒயரைக் கழற்றிவிட்டுத் தகராறு செய்யும் அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் ஒயரில் இரண்டுமே ஆடாமல் அசையாமல் ஓடின. மாடியில் வைஃபையிலோ, கீழே இருக்கும் மோடத்தைத் தொட்டு வரவே 300, 400 மில்லிசெகண்ட், நடுநடுவே "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்". டேட்டா வாசலையே தாண்டவில்லை, அதற்குள் கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

உங்களுக்கு இது தலைகீழாக இருந்தால், அதாவது மோடம் ஒழுங்காகப் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் அறுந்து அறுந்து வந்தால், இந்த விமர்சனத்தை இத்தோடு மூடிவிடலாம், எந்த ரவுட்டரும் உங்களைக் காப்பாற்றாது. மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, மைனஸ் 27, 28 என்று இறங்கியிருந்தால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு. அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லும் பேச்சு கொஞ்சம் குறையும்.

காசில்லாமல் செய்யக்கூடியதையும் செய்து பார்த்தேன். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், தெருவில் இருக்கிற அத்தனை வீடும் அதற்குள்தான் முட்டிமோதுகிறது. வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்தால் தேர்க்கூட்டம். கூட்டம் குறைந்த சேனலைப் பிடித்து, அதன் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20க்கு இறக்கியதில் வீடியோ கால் அறுந்து போவது குறைந்ததே தவிர வேகம் வரவில்லை. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையோ கான்கிரீட்டைத் தாண்டி மேலே வருவதாக இல்லை. நண்பரிடம் எக்ஸ்டென்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் பெட்டி) ஒன்றை இரவல் வாங்கி மாடியில் வைத்தேன், அதனாலும் பிரயோஜனமில்லை. அதற்கே காதில் சரியாக விழாததை அது எப்படி அடுத்தவருக்கு உரக்கச் சொல்லும்? போதாததற்கு, வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகிவிடும்.

ஆக, ஒயர்தான் வழி. சுவருக்குள் இருக்கும் கரண்ட் பைப்பில் இதையும் சேர்த்துத் திணிக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்பட்டார், நான் விடவில்லை. வெளிச்சுவரோரமாக ஏற்றி, ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக உள்ளே எடுத்தோம், வெயில் படும் இடம் என்பதால் வெளியில் போடுவதற்கென்றே வரும் கறுப்பு உறை ஒயர். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் கேட் 6 என்று கேட்டால் விலை மலிவாக ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது பெரும்பாலும் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது, மாடியில் வேகம் 94, 95 என்று வந்து அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. இந்த எண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம், எங்கோ லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. சி6இன் போர்ட் எல்லாம் கிகாபிட்தான் (1000 எம்பிபிஎஸ்), ஆனால் கிகாபிட்டுக்கு ஒயருக்குள் இருக்கும் எட்டு இழையும் தொட்டாக வேண்டும், நாலு தொட்டால் 100 மட்டும் ஓடும். ஒயர் நுனியில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு இழை அதன் உலோகப் பின்னைத் தொடாமல் பாதியிலேயே நின்றிருந்தது. வெட்டிவிட்டு புது பிளக் வைத்து அழுத்தி (கிரிம்ப் செய்து) மாட்டியதும் 145ஐத் தாண்டியது.

செட்டப் கஷ்டமில்லை. அட்வான்ஸ்டு பகுதியில் ஆபரேஷன் மோடு போய் ஆக்சஸ் பாயின்ட் என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதை மாற்றாமல் ரவுட்டராகவே விட்டாலும் நெட் வரும், ஆனால் மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும், கீழே இருக்கும் வைஃபை பிரின்டரை மாடி லேப்டாப் தேடிக்கொண்டே இருக்கும். மோடு மாறியபின் பழைய 192.168.0.1 திறக்காது, பயப்பட வேண்டாம், மோடம் அதற்கு வேறு முகவரி கொடுத்திருக்கும். டிபி-லிங்க்கின் டெதர் ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸில் பிளான் வேகம் அப்படியே வருகிறது, மோடத்துக்குப் பிங் ஒற்றை இலக்க மில்லிசெகண்ட். மொட்டை மாடியில் 2.4 மட்டும், பாட்டு கேட்கப் போதும்.

குறை இல்லாமல் இல்லை. இது வைஃபை 5, அதற்கு அடுத்த தலைமுறையான ஆறு இல்லை. யுஎஸ்பி போர்ட் கிடையாது. ஆன்டெனாவைக் கழற்றி மாற்ற முடியாது. ஆக்சஸ் பாயின்ட் மோடில் பேரன்டல் கன்ட்ரோல் வேலை செய்யாது, பிள்ளைகளைக் கட்டிப்போட நினைப்பவர்கள் அதை மோடத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மோடம், சி6 இரண்டின் வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும், மாடிப்படி ஏறும்போது சில போன்கள் கீழே இருக்கும் சிக்னலை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கின்றன. மோடத்தில் டிரான்ஸ்மிட் பவரை (வைஃபை சிக்னலின் பலத்தை) ஒரு படி இறக்கியதும் எங்கள் வீட்டில் அது பெருமளவு அடங்கியது. கரண்ட் போனால் இதற்கும் தனியாக மினி யுபிஎஸ் வேண்டும், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள்.

வாடகை வீடு, ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்பவர்களுக்கு மெஷ் செட்தான் (ஒயர் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வைஃபை பெட்டிகள்) சரி, செலவு இதைப் போல சில மடங்கு ஆகும். ஒற்றை பெட்ரூம் வீடு என்றால் எதுவும் வாங்காதீர்கள், லைன்மேனுக்கு ஏதாவது கொடுத்து மோடத்தை வீட்டின் நடுவுக்கு மாற்றச் சொன்னாலே போதும். பரணில் பழைய ரவுட்டர் கிடக்கிறதா? அதை எடுத்து, டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) ஆஃப் செய்து, அதன் முகவரி மோடத்தின் முகவரியோடு மோதாமல் மாற்றி, ஒயரை WAN என்று எழுதியிருக்கும் வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகிப் பாருங்கள். அதுவே சரியாக ஓடினால் சி6க்கு வைத்த காசில் நல்ல ஒயராக வாங்கிக்கொள்ளலாம்.