ஹாரர் கேம் கவரை ‘மதிப்பிட்டுத் தருகிறேன்’ என்று 240 டாலரைச் சுருட்டிய ஆள்: கேம் செய்பவர்கள் கவனம்!

தனியாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ கேம் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஹாரர் கேம் என்றால் கட்டாயம் படியுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் என் கேமுக்கான பக்கத்தின் கவர் படத்தையும் விளம்பர வரிகளையும் ‘நிபுணர் பார்வையில்’ அலசித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் எனக்கு 240 டாலர் போய்விட்டது. ஆள் கிடைத்தது ஒரு பெரிய ஃப்ரீலான்ஸ் தளத்தில். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

என் கேமில் நீங்கள் இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் ஒரு டெலிபோன் ஆபரேட்டர். அழைப்பு வரும், கம்பியைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். பேய் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, முழுக்கக் குரல்கள்தான். ஒரு கட்டத்தில், இணைப்பே கொடுக்காத லைனிலிருந்து பேச்சு வரும். பயம் அங்கேதான் இருக்கிறது. காதால் கேட்டுப் பயப்பட வேண்டியதை ஒரு சின்னப் படத்தில் காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதற்காகத்தான் ஆள் தேடினேன்.

அவருடைய பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள் வரிசை கட்டி நின்றன. அம்புக்குறி போட்டு, வண்ணம் தீட்டிய மாதிரி ரிப்போர்ட் ஒன்றும் இருந்தது. அதையெல்லாம் பார்த்து நான் பணம் கட்டவில்லை. சாட்டில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்: “உங்கள் கேமில் ஆட்டக்காரர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்? எதைப் பார்க்காமல் பயப்படுகிறார்?”

என் கேமைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதினேன். ஒலி எப்படி வேலை செய்கிறது, அந்த லைன் எப்போது பேசத் தொடங்குகிறது, முடிவில் பேசுவது யார் என்பது வரை. “அருமை. இதைத்தான் கவரில் கொண்டுவரப் போகிறோம்” என்று பதில் வந்தது. மதிப்பீட்டுக்கு 160 டாலர், மாதிரிக் கவரும் திருத்திய விளம்பர வரிகளும் சேர்த்துத் தர இன்னொரு 80. மொத்தம் 240 டாலர், முன்பணமாக.

வந்த ரிப்போர்ட்டில் முதல் பரிந்துரையே இதுதான்: “ராட்சசனின் முகத்தை இன்னும் பெரிதாக்குங்கள். பற்கள் தெரியட்டும்.”

என் கேமில் ராட்சசன் எங்கே ஐயா இருக்கிறான்? நான் அனுப்பிய கவரில் இருந்தது ஒரு ஸ்விட்ச்போர்டும், மேஜையில் எடுத்து வைத்த ரிசீவரும்தான். பக்கம் பக்கமாக ரத்தத் தெறிப்பு, கிழிந்த எழுத்துரு, ‘இருண்ட சூழல் நன்றாக இருக்கிறது’ என்றெல்லாம் போகிறது. டெலிபோன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

கவரை மதிப்பிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அது சின்னதாகும்போது என்ன ஆகிறது என்பதை. ஸ்டீமில் கவர் படத்தைக் கேப்சூல் என்பார்கள், பட்டியல்களில் வரும் சின்னக் கேப்சூலை 462-க்கு 174 பிக்சலில் ஏற்றுகிறோம். சில பட்டியல்களில் அது 120-க்கு 45 ஆகச் சுருங்கிவிடும். அந்த அளவில் தலைப்பும் ஒரே ஒரு வடிவமும் தப்பித்தால் பெரிய விஷயம். ஹாரரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கவரும் கறுப்பு, பக்கத்துக் கவர்களும் கறுப்பு, கடையின் பின்னணியும் கருநீலம். மங்கலாக ஒரு ரிசீவரை வைத்தால் அது அப்படியே மூழ்கிப்போகும். வேறு பத்துப் பதினைந்து ஹாரர் கவர்களோடு வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் எது கண்ணில் படுகிறது என்று தெரியும். என்னுடைய கவர் மூழ்குகிறதா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெரிய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘சூழல்’ என்று எழுதியிருக்கிறார்.

விளம்பர வரிகள் அதைவிட மோசம். ஸ்டீமில் குறுவிளக்கத்துக்குக் கிடைப்பதே சுமார் 300 எழுத்துகள். அவர் எழுதியது: “இருள் உங்களை அழைக்கிறது. உங்களால் உயிர் பிழைக்க முடியுமா? மறக்க முடியாத திகில் பயணம்!” இதை எந்த ஹாரர் கேமுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆட்டக்காரர் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு சொல் உண்டா? என் பழைய வரி, “இரவு முழுக்க இணைப்புக் கொடுங்கள். யார் பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்” என்பது. அதை ‘பலவீனமானது’ என்று அடித்திருந்தார்.

நீண்ட விளக்கத்தில் கேமின் முடிவையே போட்டு உடைத்திருந்தார். நான் உட்கார்ந்து எழுதிய அந்த நீளப் பதிலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அப்புறம் மாதிரிக் கவர். வெள்ளை வெளேரென்று வாய் பிளந்து அலறும் ஒரு முகம், கீழே ‘இந்த ஆண்டின் மிகப் பயங்கரமான கேம்’ என்ற வாசகம். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் கேப்சூல்களில் விருது, மதிப்புரை, மதிப்பெண், விளம்பர வாசகம் எதுவும் போடக்கூடாது, கேமின் பெயரும் துணைத் தலைப்பும் மட்டும்தான். கேம் கவரையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாதா என்று கேட்டேன். “அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்” என்றார். அந்த முகத்தைப் படத்தேடலில் போட்டுப் பார்த்தால், விலைக்குக் கிடைக்கும் ஸ்டாக் படம். அதே முகத்தோடு வேறு கேம்கள் ஏற்கெனவே கடையில் இருக்கின்றன.

கவர்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அலறும் முகத்தைப் பார்த்து வருகிறவர் அலறலை எதிர்பார்த்து வருவார். அரை மணி நேரம் கம்பி செருகிவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று போய்விடுவார். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்கலாம். என்னுடையதைப் போன்ற குட்டி ஹாரர் கேமுக்கு அந்த 2 மணி நேரம் என்பது கிட்டத்தட்ட முழு ஆட்டம். போகிற போக்கில் எதிர்மறை மதிப்புரையும் போட்டுவிட்டுப் போவார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: “கலை என்பது அவரவர் ரசனை.” ராட்சசன் இல்லாத கேமுக்கு ராட்சசனைப் பரிந்துரைப்பதில் என்ன ரசனை? அடுத்து, ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்றார். எத்தனை நீளமான கூட்டமோ. மறுபடி நச்சரித்ததும், 90 டாலர் கட்டினால் ‘பிரீமியம் திருத்தம்’ செய்து தருவதாக ஒரு சலுகை வந்தது. 240 டாலர் வாங்கிக்கொண்டு செய்யாத வேலையைச் செய்ய இன்னொரு 90!

தளத்தின் சப்போர்ட் அதற்கு மேல். முதலில் பேசியது பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் மென்பொருள். அப்புறம் வந்த மனிதரும் பாட் மாதிரியே பேசினார். ஃபைல் வந்து சேர்ந்திருக்கிறது, எனவே சேவை முடிந்தது, தரம் பற்றிய கருத்து வேறுபாட்டில் அவர்கள் தலையிட மாட்டார்களாம். மன வருத்தத்துக்காக அடுத்த ஆர்டரில் 5 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். 240 டாலருக்கு ஒரு கூப்பன்.

இதை எழுத வைத்தது வேறொன்று. விவசாய கேம் செய்யும் நண்பர் ஒருவர் அதே ஆளிடம் விலை விசாரித்திருக்கிறார். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கேம் அது. அவருக்கு வந்த கேள்வி: “உங்கள் கேமில் ஆட்டக்காரர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்? எதைப் பார்க்காமல் பயப்படுகிறார்?” ஓர் எழுத்து மாறவில்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைத் திறந்து படியுங்கள். ‘வேகமான டெலிவரி’ என்றுதான் இருக்கும், கவரை மாற்றிய பிறகு விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று கேமைக் குறித்து வைப்பவர்களின் எண்ணிக்கை) கூடியது என்று ஒருவர்கூட எழுதியிருக்க மாட்டார். உங்கள் கவரை 120-க்கு 45-இல் அனுப்பி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள், பதிலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முடிவை யாருக்கும் சொல்லாதீர்கள். படம் எங்கிருந்து வந்தது, உரிமம் யாருடையது, ஏஐ செய்ததா என்று எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் ஏஐ படத்தைப் பயன்படுத்தினால் ஸ்டீமில் அறிவிக்க வேண்டியவர்கள் நாம்தான். ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கம்வரை படிக்காமல் ஆர்டரை ஏற்காதீர்கள், பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இதே கேள்வி வேறு யாருக்காவது வந்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.