3018 சிஎன்சி மெஷின்: பிசிபிக்கு நல்லது, இரும்புக்கு ஆகாது, தீப்பொறி வேலைக்குப் பொருந்தும்

3018 என்பது கணினிக் கட்டளைப்படி பொருளைச் செதுக்கும் சிறிய சிஎன்சி மெஷின். இந்த வகையைப் பல சீனத் தயாரிப்பாளர்கள் பல பெயர்களில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: 300 × 180 மி.மீ. வேலைப் பரப்பு, மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் சுமார் 45 மி.மீ. நகர்வு, 24 வோல்ட்டில் ஓடும் 775 மோட்டார், ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஏற்றிய சிறிய போர்டு. விற்பவரைப் பொறுத்து 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆகும். பிசிபி (மின்சுற்றுப் பலகை), மெழுகு, அக்ரிலிக், மென்மரம் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். அலுமினியத்தை மெதுவாகச் சுரண்டும். எண்ட் மில் (சுழன்று வெட்டும் உளி) போட்டு இரும்பை வெட்ட நினைத்தால் வாங்காதீர்கள். ஆனால் அதே இரும்பைத் தீப்பொறியால் அரிக்கும் ஈடிஎம் வேலைக்கு இந்த உடல் தாங்கும்.

எல்லாம் சட்டத்தின் விறைப்பைப் பொறுத்தது. 10 மி.மீ. கம்பிகள் இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி நிற்கின்றன. இசட் அச்சின் வண்டியும், ஸ்பிண்டில் (வெட்டுளியைச் சுழற்றும் மோட்டார்) பிடியும் பெரும்பாலான மாடல்களில் பிளாஸ்டிக். ஸ்பிண்டிலை விரலால் தள்ளினாலே டயல் கேஜ் (நுண் அசைவை அளக்கும் கருவி) முள் நகர்வதைப் பார்க்கலாம். திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்துகிறது, மோட்டாரின் ஒரு அடியைப் பதினாறாகப் பிரிக்கும் 1/16 மைக்ரோஸ்டெப்பில் மி.மீ.க்கு 800 ஸ்டெப். கணக்குப்படி ஒரு ஸ்டெப் 0.00125 மி.மீ. அந்த எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். நட்டில் இருக்கும் ஆட்டமே துல்லியத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்ப்ரிங் வைத்த இரட்டை நட்டு வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

பூட்டும்போது கவனம் வேண்டிய இடம், மோட்டார் தண்டையும் திருகுத்தண்டையும் இணைக்கும் கப்ளிங். மோட்டார் தண்டைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) தளர்ந்தால் வேலை நடுவில் ஒரு அச்சு மட்டும் நழுவும். பலர் இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள். தண்டில் சிறிய தட்டைப் பகுதி அரத்தால் தேய்த்து, ஸ்க்ரூ அதன் மேல் உட்காரும்படி முறுக்கி, நடுத்தர வலுவுள்ள லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டால் தீர்ந்தது. சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்கிய பிறகே கடைசி போல்ட்டுகளை இறுக்குங்கள்.

பிசிபி வேலையில்தான் இந்த மெஷின் தன் விலையைத் திருப்பித் தருகிறது. 20 டிகிரி, 0.1 மி.மீ. முனை கொண்ட கூர் வெட்டுளியான வி-பிட்டை 0.08 மி.மீ. ஆழத்தில் ஓட்டினால் வெட்டின் அகலம் சுமார் 0.13 மி.மீ. வரும். ஆழம் கொஞ்சம் மாறினாலும் அகலம் மாறும் என்பதால், தகடு வளைந்திருந்தால் ஒரு மூலையில் செம்பு வெட்டுப்படாது, மறு மூலையில் தடம் மெலிந்துவிடும். போர்டில் தொடுகையை உணரும் ஏ5 பின்னிலிருந்து ஒரு கம்பியைச் செம்புத் தகட்டுக்கும், கிரவுண்டை வி-பிட்டுக்கும் கொடுத்து, கேண்டில் அல்லது பிசிஎன்சி மென்பொருளில் உயர வரைபடம் (தகட்டின் மேடுபள்ள அளவு) எடுத்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 200 மி.மீ. வேகம் போதும். பிசிபி தகட்டின் அடிப்பொருளான எஃப்ஆர்4இன் தூள் கண்ணாடி இழை. முகக்கவசமும் உறிஞ்சியும் கட்டாயம்.

அலுமினியத்துக்கு 3.175 மி.மீ. ஒற்றைப் பல் எண்ட் மில், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் 0.1 முதல் 0.2 மி.மீ. ஆழம், கொஞ்சம் மண்ணெண்ணெய். அதற்கு மேல் அழுத்தினால் சட்டம் அதிர்ந்து, விளிம்பில் அலை விழும்.

கூடவே வரும் 775 மோட்டார் பிரஷ் வகை. அதன் மின் இரைச்சலால் யுஎஸ்பி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே ஒன்று என மூன்று 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்களைச் சால்டர் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். தயாரிப்பாளர்கள் இதைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

இனி ஈடிஎம். மண்ணெண்ணெயில் மூழ்கிய பொருளை மின்முனை தொடுவதே இல்லை; இடையே பாயும் பொறிதான் அரிக்கிறது. அதனால் வெட்டு விசை கிடையாது. மெலிந்த சட்டம் இங்கே ஒரு குறையே அல்ல. சோவியத் விஞ்ஞானிகளான லசரென்கோ தம்பதியர் 1943இல் கொண்டுவந்த கெபாசிட்டர் சுற்றுதான் வீட்டில் கட்ட எளிது. 50 வோல்ட் தனிமைப்படுத்திய டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், ஃபில்டர் சேர்ந்தால் ஏறத்தாழ 70 வோல்ட் டிசி. அதிலிருந்து 100 ஓம், 100 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வழியாக 10 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர். மின்முனை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டாலும் ரெசிஸ்டரில் 49 வாட்தான் எரியும். பொறி ஒவ்வொன்றிலும் சுமார் 24 மில்லிஜூல். இறுதி மெருகுக்குக் கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட்டுக்குக் குறைக்க வேண்டும். ரெசிஸ்டரைக் குறைத்து வேகம் கூட்ட ஆசைப்பட்டால், பொறி அணைய இடைவெளி கிடைக்காமல் தொடர் மின்வில்லாகி, வேலைப்பொருளில் குழி விழும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை ஃபில்டருக்கு மட்டும் வையுங்கள். பொறிக்கு மின்சாரம் தரும் இடத்தில் வைத்தால் சூடேறிப் பழுதாகும்.

மெஷினில் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. ஸ்பிண்டிலைக் கழற்றி, அக்ரிலிக் கட்டையில் மின்முனையைப் பிடித்து, மண்ணெண்ணெய்த் தொட்டிக்கும் மெஷின் படுக்கைக்கும் நடுவே மின்காப்புத் தகடு வையுங்கள். பொறி மின்னோட்டம் கட்டுப்பாட்டு போர்டின் கிரவுண்டுக்குள் போகக் கூடாது. வேலைப்பொருள் நேர்முனை, மின்முனை எதிர்முனை. ஸ்பிண்டில் போனதும் வண்டி இலேசாகும், நட்டின் ஆட்டம் தலைகாட்டும், ஒட்டிய மின்முனை உடனே விலகாது. வண்டியில் அரைக் கிலோ எடையைக் கட்டினால் நட்டு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

கட்டுப்பாட்டில்தான் இந்த போர்டு கைவிடுகிறது. ஜிஆர்பிஎல் ஓட்டத்தின் நடுவே வேகத்தை 10 முதல் 200 சதவீதத்துக்குள் மாற்றும். வந்த பாதையில் பின்வாங்காது. ஈடிஎம்முக்குப் பின்வாங்கல் உயிர்நாடி. துளை மட்டும் போதுமென்றால், தனி மைக்ரோகண்ட்ரோலர் இடைவெளி வோல்ட்டேஜை 100 கிலோ ஓம், 5.1 கிலோ ஓம் பிரிப்பான் வழியே படித்து, தனி டிரைவர் மூலம் இசட் மோட்டாரை நேரடியாக ஓட்டலாம்: சராசரி 30–45 வோல்ட்டுக்கு மேல் போனால் இறங்கு, கீழே வந்தால் ஏறு. வளைந்த பாதை வேண்டுமென்றால் லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு மாறுங்கள். அதன் எம்52 கட்டளை தரும் தகவமைவு வேகம் எதிர்மறை மதிப்பையும் ஏற்கும், அதாவது வந்த பாதையில் பின்வாங்கும். அப்போது டிரைவர்களைத் தனியாக வாங்க வேண்டிவரும்.

மண்ணெண்ணெய் மட்டம் பொறியின் இடத்துக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. இருக்க வேண்டும். பொறி மேற்பரப்பை எட்டினால் தீப்பிடிக்கும். இசட் நகர்வு குறைவு என்பதால் மின்முனையை நீளமாக வைப்பதே வழி. மட்டம் இறங்கினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவை சுவிட்ச், கெபாசிட்டரை வடிக்கும் ரெசிஸ்டர், பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஆகிய மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். ஓடும்போது அறையை விட்டுப் போவதும் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பட்டறைக்காரர்களுக்கு இதன் நேரடிப் பயன் துளைக்குள் உடைந்த டேப்பை (திருகு இழை வெட்டும் கருவி) எடுப்பது. எம்4 டேப்புக்கு 2 மி.மீ. பித்தளைக் குழாய் போதும். நடுத்தண்டை மட்டும் அரித்துவிட்டால், பற்கள் உள்ள பக்கத் துண்டுகள் பிரிந்து கொக்கி முனையில் வந்துவிடும்; இழை கெடாது. குழாயின் உள்ளே மண்ணெண்ணெயைச் சிறிய பம்பால் செலுத்துங்கள். கழிவுக் கசடு அடியில் தேங்கினால் பொறி பக்கவாட்டில் பாய்ந்து துளையை அகலமாக்கும். பித்தளை வேகமாகத் தேயும். துளையின் ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.