முட்டையும் இல்லை, பாலும் இல்லை: கேக்குக்கு எது ஈடு?

"எக்லெஸ்" என்று எழுதி வைக்காத பேக்கரியை இப்போது சென்னையில் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்த எக்லெஸ் கேக்கில் முட்டை எழுந்து போன இடத்தில் பெரும்பாலும் பால்தான் உட்கார்ந்திருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க், தயிர், பால் பவுடர், வெண்ணெய் என்று ஏதாவது ஒரு வேஷத்தில். சைவக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. முட்டை சேர்ந்த பாக்கெட்டுக்கு அசைவக் குறி, பால் சேர்ந்ததற்குப் பச்சைப் புள்ளி என்பதுதான் நம் நாட்டுச் சட்டமே.

அக்கா மகனுக்கு முட்டை, பால் இரண்டுமே அலர்ஜி என்று தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது பிறந்தநாள் கேக்கை நான் செய்து தருகிறேன் என்று அக்காவிடம் ஜம்பமாகச் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து எக்லெஸ் குறிப்புகளைப் புரட்டினால், பால் இல்லாத குறிப்பு ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து இரண்டு வருடமாக ஒரே 8 அங்குல டின், ஒரே ஓடிஜி (சின்ன மின்சார அவன்) என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேறியதையும் தேறாததையும் சொல்கிறேன்.

முதலில் முட்டை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஓட்டை நீக்கினால் ஒரு முட்டை சுமார் 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர். மிச்சமுள்ள கால் பங்குதான் மாயம் செய்கிறது. வெள்ளைக்கரு அடிக்க அடிக்கக் காற்றைப் பிடித்து நுரைக்கும், சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்கி நிற்கும். மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும். நிறம், மணம் வேறு. இந்த எல்லா வேலையையும் ஒன்றாகச் செய்கிற இன்னொரு பொருள் நம் அடுக்களையில் கிடையாது. அதனால் "முட்டைக்குப் பதில் எது?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. எந்தப் பலகாரத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஸ்பாஞ்ச் கேக்

பால் ஒத்துக்கொள்ளும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், கண்டென்ஸ்டு மில்க்தான். சுண்டிய பாலில் இறுகுவதற்குப் புரதம் இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர், கூட ஒரு சிட்டிகை சோடா என்பதும் நன்றாக வரும். பால் கூடாதவர்களுக்காகத் தேங்காய்ப்பாலைச் சர்க்கரையோடு பாதியாகச் சுண்டக் காய்ச்சி, அதே குறிப்பில் ஊற்றிப் பார்த்தேன். வாசனை தெருவுக்கே போனது. ஆனால் தேங்காய்ப்பாலில் கொழுப்பு இருக்கிற அளவுக்குப் புரதம் இல்லை. கேக் எழும்பி, அப்படியே அமுங்கி, கீழக்கரைத் தொதல் மாதிரி பளபளவென்று வந்தது. நாங்கள் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டோம்.

பாலும் முட்டையும் இல்லாமல் என் கணக்கில் முதல் இடம் வினிகருக்கும் சமையல் சோடாவுக்கும்தான். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியிலும், அடுத்து வந்த உலகப் போரின் ரேஷன் காலத்திலும், முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் எட்டாமல் போன வீடுகளில் சுட்ட கேக் இது. பத்தியத்துக்காக வந்ததல்ல, பஞ்சத்தில் பிறந்தது.

240 மில்லி கப்பால் ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 4 மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் சலித்து டின்னில் பரப்பி, விரலால் மூன்று குழி பறிக்க வேண்டும். ஒரு குழியில் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய், இன்னொன்றில் ஒரு மேசைக்கரண்டி வினிகர், மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி வெனிலா. மேலே ஒரு கப் தண்ணீர். முள்கரண்டியால் உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலக்கி, 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். அவ்வளவுதான், பாத்திரம்கூட மிச்சம். வினிகர் வாடை வருமே என்று பயப்பட வேண்டாம், வெந்த பிறகு மூக்கை வைத்துத் தேடினாலும் இருக்காது.

ஒரே நிபந்தனை, அவசரம். வினிகர் சோடாவைத் தொட்ட நொடியிலேயே வாயு கிளம்பிவிடும். அது தப்பிப்பதற்குள் டின் சூடான அவனுக்குள் போய்விட வேண்டும். ஒரு தடவை மாவைக் கலக்கி வைத்துவிட்டு அக்காவின் போனை எடுத்தேன். அக்கா போனை 20 நிமிடத்துக்குள் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. வெந்து வந்தது கேக் இல்லை, கோகோ போட்ட அடை.

கோகோ இல்லாத வெனிலா கேக்குக்கு இதே முறை கொஞ்சம் சோனியாகத்தான் இருக்கும். வெளுத்துப் போய், பின்நாக்கில் சோடா கரிப்போடு வரும். அங்கே தண்ணீருக்குப் பதில் சோயா பால் ஊற்றுகிறேன். வினிகரை அதில் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மோர் மாதிரி திரியும். சோயா பாலில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வரும் அளவு புரதமும், லெசித்தினும் உண்டு. சோடாவைப் பாதியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்ப்பேன். மைதாவில் 2 மேசைக்கரண்டி எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கஸ்டர்ட் பவுடர் போடுவேன். முட்டை போட்ட மாதிரி மஞ்சளும் வரும், சோளமாவு சேர்வதால் மென்மையும் வரும்.

கஸ்டர்ட் பவுடரில் முட்டை இருக்குமே என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கிடையாது. அது பிறந்ததே முட்டை ஆகாத ஒருவருக்காகத்தான். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஆல்ஃப்ரெட் பேர்ட், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் சோளமாவை வைத்து 1837-இல் அதைச் செய்தார். அந்த அம்மாவுக்கு ஈஸ்ட்டும் ஆகாது. அதற்காக 1843-இல் பேக்கிங் பவுடர் செய்தார். ஒரு வீட்டு அலர்ஜிக்கு நாம் எல்லோரும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் பாருங்கள்.

ஆளி விதையை ஸ்பாஞ்சில் போடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு 3 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால் வெள்ளைக்கரு போலவே கொழகொழவென்று இழுபடும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது பிடித்து வைக்குமே தவிர எழுப்பி விடாது. வெள்ளைக் கேக்கில் பழுப்புப் புள்ளிகளும், நடுவில் களி போன்ற ஒரு பட்டையும் மிஞ்சும். பொடித்து நாளான விதை என்றால் மீன் வாடை வேறு. பிரவுனி, ஓட்ஸ் பிஸ்கட் இரண்டிலும் இதே ஆளி விதை அருமை, அங்கே பிடிமானம்தான் தேவை. சியா விதைக்கும் இதே அளவுதான். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை வேறு, சியா வேறு. சப்ஜாவைப் போட்ட ஒரு பிரவுனியை நான் மென்றிருக்கிறேன்.

வாழைப்பழம் மலிவு, கையருகே கிடைப்பது. ஒரு முட்டைக்குக் கால் கப் மசித்த பழம். ஆனால் அது எங்கே போனாலும் தன் பெயரைச் சொல்லாமல் இருக்காது, எதில் போட்டாலும் அது வாழைப்பழக் கேக்தான். அதனால் ஒளிக்கப் பார்க்காமல், தோல் கறுத்த பூவன் பழம், நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் சுக்கு என்று அதன் வழியிலேயே விட்டுவிடுவது நல்லது. கனமாகத்தான் வரும், காலை டிபனுக்கே போதும்.

சுண்டல் தண்ணீர்

இந்தப் போட்டியில் என்னை வாய் பிளக்க வைத்தது கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். பிரான்ஸைச் சேர்ந்த ழோயல் ரோசெல் என்பவர் 2014-இல் பயறு வகைகளின் தண்ணீர் முட்டை வெள்ளை போல நுரைப்பதைக் காட்டினார். மறுவருடம் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் அதற்கு லத்தீனிலிருந்து அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார், அவரைத் தண்ணீர் என்று பொருள். தலைமுறை தலைமுறையாக நவராத்திரிக்கு ஒன்பது நாளும் நாம் சாக்கடையில் ஊற்றிய தண்ணீர்!

அங்கெல்லாம் டப்பாக் கடலையின் தண்ணீரை எடுக்கிறார்கள். நாம் வேகவைத்தே எடுக்கலாம். வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கும் அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பில்லாமல் குக்கரில் வேகவிட வேண்டும். உடனே வடிக்காமல் கடலையோடு ஒரு இரவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். காலையில் தொட்டால் விரலோடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நீர்த்திருந்தால் அடுப்பில் சுண்டவையுங்கள். 2 மேசைக்கரண்டி ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். மிக்ஸியில் நடக்காது, எலெக்ட்ரிக் பீட்டரால் 8, 10 நிமிடம் அடிக்க வேண்டும். முதல் மூன்று நிமிடம் சோப்பு நுரைதான், மனம் தளரக் கூடாது. அப்புறம் சர்க்கரை சேரச் சேர வெள்ளை வெளேரென்று எழும்பி, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். கடலையிலிருந்து இறங்கிய புரதமும், சோப்பு போல நுரைக்கும் சப்போனின் என்ற பொருளும் செய்யும் வேலை அது.

வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து உலர்த்தும் மெரிங்குக்கு இதற்கு ஈடே இல்லை. 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் உலர்த்தினால் வாயில் போட்டதும் கரைகிறது. சென்னைக் காற்றின் ஈரத்தில் அரை மணியில் பிசுபிசுத்துவிடும், ஆறியதும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஆனால் இதே நுரையை நம்பி ஸ்பாஞ்ச் போட்டால் ஏமாற்றம்தான். வெள்ளைக்கரு சூட்டில் இறுகும், இந்த நுரை சூட்டில் கட்டிப்படாமல் வடிந்துவிடும். கேக் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடுவில் பள்ளமாகிறது.

வெண்ணெய்க்கு

கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் என்பது தியாகமே இல்லை. வெண்ணெயில் சுமார் 80 சதம்தான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், 15 மில்லி தண்ணீர் என்று போட்டால் கணக்கு சரி. எண்ணெய்க் கேக் ஃபிரிட்ஜில் வைத்தாலும் கல்லாவதில்லை.

பிஸ்கட்டில்தான் தகராறு. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கும்போது உள்ளே போகும் காற்றை ஓடும் எண்ணெயால் பிடித்து வைக்க முடியாது. தேங்காய் எண்ணெய் உறையுமே என்று பார்த்தால், அது உருகுவது சுமார் 24 டிகிரியில். சென்னையில் அந்த டிகிரியை மார்கழி விடியற்காலையில்தான் பார்க்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் பாறை, வெளியே எடுத்தால் தண்ணீர், நடுவில் குழையும் பதம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. நான் செய்வது இது: எண்ணெயைப் பாதி உறைந்த மெழுகுப் பதத்தில் பிடித்து மாவில் பிசிறி, தட்டிய பிஸ்கட்டை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நேராக அவனுக்குள். பரவாமல் மொறுமொறுவென்று வரும். தேங்காய் வாசனை பிடிக்காதவர்கள் வாசனை நீக்கிய எண்ணெய் வாங்கலாம். எனக்குப் பிடிக்கும்.

மார்ஜரின் குழைவதில் வெண்ணெய்க்கு நிகர். 1869-இல் பிரான்ஸில் மலிவு வெண்ணெயாகப் பிறந்தபோது அதில் சேர்ந்தது மாட்டுக் கொழுப்பும் கொழுப்பெடுத்த பாலும். இன்று தாவர எண்ணெய் என்றாலும் சில பிராண்டுகளில் பால் பொருள் இன்னும் உண்டு, பொடி எழுத்தில் இருக்கும். இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து இங்கே 2 சதவீதம்தான் உச்சவரம்பு, அந்தப் பயம் முன்பைவிடக் குறைவு.

நெய் பற்றி ஒரு வார்த்தை. "நெய்யில ஏதுடா பாலு, அதெல்லாம் காய்ச்சினதுல போயிருக்கும்" என்று அத்தை சொல்லாத விசேஷம் எங்கள் வீட்டில் இல்லை. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்கள் பலருக்கு நெய் ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். பால் புரத அலர்ஜி வேறு கதை, நெய்யில் அந்தப் புரதம் துளி தங்கியிருக்கும். குழந்தைக்கு அந்தத் துளியே போதும். டார்க் சாக்லேட்டுக்கும் இதே எச்சரிக்கை, பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் அதுவும் ஓடியிருக்கலாம்.

பன்னுக்கும் ரொட்டிக்கும் முட்டையோ பாலோ கட்டாயமே இல்லை. மேலே பளபளப்புக்குச் சுட்டதும் சர்க்கரைப் பாகு தடவினால் போதும்.

தோற்றுப் போன இடம்

யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியின் வீட்டு லவ் கேக்கையும் இப்படி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ரவை, முந்திரி, தேன், ரோஜாப் பன்னீர் எல்லாம் நம் வழியில் சரிதான். ஆனால் மஞ்சள்கருவை அள்ளிப் போட்டுச் செய்வது அது, அந்த ஈரமும் செழுமையும் அதிலிருந்துதான் வருகின்றன. நான் ஆளி விதை, தேங்காய் முதல் பால், கஸ்டர்ட் பவுடர் என்று கைவசம் இருந்த எல்லாவற்றையும் இறக்கினேன். மணம் நிஜமாகவே அப்படியே இருந்தது. தோழி ஒரு துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்: "ருசி நல்லா இருக்கு. ஆனா இது கேசரி."