பாம்பா, திருக்கையா, உடும்பா: கித்தார் வாருக்கு எந்தத் தோல்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கித்தார் தூக்கும் பையன்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாண மண்டபத்தில் வாசிப்பவர்கள், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள், லயத்து வாசற்படியில் உட்கார்ந்து தங்களுக்கே வாசித்துக்கொள்பவர்கள் என்று பல ரகம். முதல் ரகத்தைச் சேர்ந்த ஒரு தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, ஒரு வார் தைச்சுக் குடுங்க. மாட்டுத்தோல் வேணாம். மேடையில லைட் பட்டா எல்லாரும் என்னையே பாக்கணும்.”

“கித்தார் எத்தனை கிலோ?”

“அதையெல்லாம் யாருண்ணே நிறுத்துப் பாக்குறா?”

நிறுத்துப் பார்த்தோம். லெஸ் பால் ரகம், நாலு கிலோவைத் தாண்டியது. அப்புறம்தான் தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஏனென்றால், அரிய தோல் எதுவானாலும் அது மேல்சட்டை மாதிரிதான். பாரம் தாங்குவது அடியில் இருக்கும் மாட்டுத்தோல். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத தோல் அடியில் வேண்டும். குமிழில் மாட்டும் இரண்டு முனைகளிலும் அலங்காரத் தோலை நான் வைப்பதே இல்லை. முனை வெறும் மாட்டுத்தோலாகவே இருக்கட்டும். ஓட்டையிலிருந்து போகும் கீறலும் நுனிப் பக்கம் போகாமல் தோள் பக்கம் பார்த்துப் போக வேண்டும். பாரம் முழுவதும் நுனிப் பக்க விளிம்பில்தான் விழுகிறது. கீறல் அங்கே இருந்தால் நாளடைவில் வாய் பிளந்து, ஒருநாள் பாட்டு நடுவிலேயே கித்தார் தரைக்கு வந்துவிடும்.

சரி, மேல்சட்டைக்கு வருவோம்.

மலைப்பாம்புத் தோலின் பெரிய பலம் அதன் நீளம். வாருக்கு ஒன்றேகால் மீட்டர், ஒன்றரை மீட்டர் ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டும். மற்ற தோல்களில் ஒட்டுப் போட வேண்டியிருக்கும், பாம்பில் அந்தத் தொல்லையே இல்லை. வாங்கும்போது எந்தப் பக்கம் கிழித்த தோல் என்று பாருங்கள். வயிற்றைக் கிழித்து விரித்தால் முதுகின் வைரக்கட்டம் முழுசாக நடுவில் வரும். முதுகைக் கிழித்தால் வயிற்றின் அகலச் செதில்கள் ஏணிப்படி மாதிரி நடுவில் வரும். வாருக்கு முதுகுக் கட்டம்தான் அழகு.

பலவீனமும் செதில்தான். அது கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையிலிருந்து வால் நோக்கிப் படிந்திருக்கும். என் முதல் பாம்பு வாரில் இதை யோசிக்காமல் வால் பக்கத்தை முதுகுக்கு அனுப்பிவிட்டேன். தோளிலிருந்து நெஞ்சுக்குக் கை இறங்கும் ஒவ்வொரு தடவையும் செதில் நகத்தில் மாட்டியது. ஆறு மாதத்தில் நெஞ்சுப் பக்கம் மீன் ஆய்ந்த பலகை மாதிரி ஆகிவிட்டது. வால் நுனி நெஞ்சுப் பக்கம் வரவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். பளபளப்புப் பூச்சு ஏற்றிய தோல் என்றால் செதில் எழுவது இன்னும் குறையும்.

பாம்பு என்றதும் ஊரில் இன்னொரு பேச்சும் வரும். செம்பனைக் காட்டில் எலி உண்டு, எலி இருந்தால் மலைப்பாம்பும் உண்டு. தோட்டத்து மாமா ஒருவர் என்னிடம், “நேத்து ஒன்னு அடிச்சோம்பா, தோலை உப்புப் போட்டு வெச்சிருக்கேன், எடுத்துக்கிறியா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பும் நீர் உடும்பும் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் அடிப்பதும் தப்பு, தோலை வைத்திருப்பதும் தப்பு. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் ஆட்கள் வந்து கேட்டால் மாமா வரமாட்டார், நான்தான் நிற்க வேண்டும். தவிர, உப்புப் போட்டதெல்லாம் பதனிட்டதாகிவிடாது. நம் ஊர் ஈரத்தில் நாலே நாளில் நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போகும். ரசீதோடு விற்கும் கடையில் பதனிட்ட தோலாக வாங்குங்கள். அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இரண்டு உயிர்களும் இருப்பதால், வாரோடு எல்லை தாண்டி வாசிக்கப் போகிறவர்கள் அனுமதி விவரத்தை முதலிலேயே கேட்டுவைப்பது நல்லது.

திருக்கைக்கு வருவோம். மலாயில் ஈக்கான் பாரி. அந்தப் பேரைக் கேட்டால் நமக்கு வாழையிலையும் சம்பாலும்தான் ஞாபகம் வரும், கொஞ்சம் வயசானவர்களுக்குத் திருக்கை வால் அடி ஞாபகம் வரும். அதன் தோல் வேறு உலகம். முழுக்கச் சின்னச் சின்ன மணிகள், பல்லுக்கு ஒப்பான கடினப் பொருள். நடுவில் நெற்றிக்கண் மாதிரி பெரிய வெள்ளை மணிகள். ஜப்பானிய வாள் பிடிகளில் இந்தத் தோலைச் சுற்றியதற்குக் காரணம் கை வழுக்காது என்பதுதான். மேடை விளக்கில் இதை அடிக்க வேறு தோல் இல்லை, வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசைந்து கொடுக்காது.

ஆனால் தைக்கிறவனின் கதியைக் கேளுங்கள். கத்தரிக்கோல் ஒரே வெட்டில் மழுங்கும். குத்தூசி மணியில் பட்டு வழுக்கும், அழுத்தினால் முறியும். தையல் போகும் கோடு நெடுக மணிகளைச் சின்னச் சாணைச் சக்கரத்தால் தேய்த்து எடுத்த பிறகுதான் ஊசி இறங்கும். தேய்க்கும்போது பறக்கும் தூள் மூக்கில் ஏறாமல் இருக்க முகக்கவசம் கட்டாயம். ஒரு தோல் அரை மீட்டர் வருவதே பெரிது, முழு வாருக்கு மூன்று துண்டு ஒட்ட வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், வாரைக் கழற்றாமல் பெட்டியில் வைத்து மூடினால் அந்த மணிகள் கித்தாரின் வார்னிஷைக் கீறிவிடும். உப்புத்தாளோடு கித்தாரைச் சேர்த்துப் படுக்கவைத்த கதைதான். என் கணக்கில் திருக்கை வாருக்கு ஆகாது. தோளுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பதக்கமாக, நெற்றிக்கண் நடுவில் வர, பதித்தால் போதும்.

உடும்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கைக்கடிகார வாரில் அது பழைய ஆள். செதில் கம்பு தானியம் தூவிய மாதிரி சன்னமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும், அதனால் எழும்பும் பேச்சே இல்லை. மெல்லிசு, ஆனால் கிழியாது. உடும்புப்பிடி என்பது தோலுக்கும் பொருந்தும்போல. பசையோடு சேர்ந்து நன்றாக மடியும், விளிம்பை உள்ளே மடித்துத் தைக்கலாம். குறை என்னவென்றால் நீளம் போதாது. ஒட்டை நடுத்தோளில் வைத்து, அதன் மேல் சின்னத் தோள்பட்டி போட்டு மறைத்துவிடுவேன்.

தீக்கோழித் தோல் தொட்டால் விட மனசு வராது, அத்தனை பதம். இறகு இருந்த இடத்துப் புள்ளிகள் முதுகு நடுவில் மட்டும்தான், வாரின் இரு கோடியும் மொட்டையாக நிற்கும். முழுத்தோல் விலைக்கு, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்துவிடலாம். முதலையைப் பற்றி இதே பேச்சை இன்னும் பெரிய தொகையோடு சொல்ல வேண்டும், விட்டுவிடுவோம். பாம்புக் கட்டம் அச்சடித்த மாட்டுத்தோலும் கிடைக்கிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியுமே என்றார் தம்பி.

உள்பக்கத்துக்கு மெல்லிய பன்றித்தோல் போடுவது பல இடங்களில் வழக்கம். இங்கே அது சரிப்படாது. குழுவில் டிரம் அடிப்பவர் மலாய் நண்பர், அவர் கித்தாரைத் தூக்கி நகர்த்தும்போது சங்கடப்படக் கூடாது. ஆட்டுத்தோல் போட்டேன். கோயிலுக்குத் தோல்வார் எடுத்துப் போகலாமா என்று தம்பியின் அம்மா கேட்டார். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது என்றேன், பதில் வரவில்லை.

கடைசியில் பாம்புதான் என்று முடிவானது. நானும் ஒத்துக்கொண்டேன். ஒட்டில்லாத நீளத்துக்கு முன்னால் உடும்பு தோற்றுவிட்டது, செதில் தொல்லைக்கு வால் திசையும் பளபளப்புப் பூச்சும் போதும். ஒட்டும்போது தட்டையாக வைத்து ஒட்டக் கூடாது. அப்படி ஒட்டினால் தோளில் வளையும்போது உள்தோல் சுருங்கி மடிப்பு விழும். முன்பு ஒரு வாரில் அந்த மடிப்பு கழுத்தை அறுத்துத் திரும்பி வந்தது. அதனால் இப்போது அடித்தோல், பாம்புத்தோல், உள்தோல் மூன்றையும் வளைவில் வைத்தே பசை போடுகிறேன். வீட்டில் அந்த அளவுக்கு வளைவான பொருள் கேஸ் தோங் என்னும் சமையல் எரிவாயு உருளை ஒன்றுதான். நேற்றிலிருந்து அது பாம்பைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் நிற்கிறது. நாளைக் காலைக்குள் பசை காயாவிட்டால் கடையில் தோசை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.