திருகாணி சுலபமாக இறங்கினால் சந்தேகப்படுங்கள்

பிரிக்காத பழைய கார் மாடல் கிட் என்று நம்பிக் கொடுத்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது போனதுதான். அதே ஆளிடம், அல்லது அதே வித்தை தெரிந்த இன்னோர் ஆளிடம், வேறு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இத்தாலியில் மிலானுக்குப் பக்கத்தில் புராகோ கார் மாடல்கள் தயாராகிவந்த காலத்தில், முழுதாகப் பூட்டிய கார்களோடு, பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் உலோகக் கிட்களும் விற்றன. உடற்பகுதி வார்ப்பு உலோகம். பெயின்ட் தொழிற்சாலையிலேயே அடித்து வந்துவிடும். நமக்கு வேண்டியது ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும். 2005-இல் அந்த இத்தாலிக் கம்பெனி திவாலாகி, பெயர் ஹாங்காங் குழுமம் ஒன்றின் கைக்குப் போனது. பிரிக்காத பழைய பெட்டிகளுக்கு மவுசு கூடியது.

கார் பந்தய வீரர் கரிவரதனின் ஊரான கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்குப் பந்தயக் கார் பைத்தியம் இல்லாமல் இருக்குமா? நான் தேடியது 1957 ஃபெராரி 250 டெஸ்டா ரோஸா கிட், 1:18 அளவு, அதாவது நிஜக் காரின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. அந்தக் காரில் பிரேக் சூடு ஆறுவதற்காக முன்சக்கரங்களுக்குப் பின்னால் உடலைக் குடைந்துவிட்டிருப்பார்கள். அந்தக் குடைவைத் தடவிப் பார்க்கவே வாங்கலாம்.

அது விற்பனைக்கு என்று வந்த விளம்பரத்தில் பெட்டியின் படம் மட்டும் இருந்தது. பூப்போட்ட நீல மேசைவிரிப்பின் மேல் வைத்து எடுத்தது. உள்ளே இருப்பதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "பிரித்தால் மதிப்பே போய்விடும் சார்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பணத்தை நேரே அவருடைய கணக்குக்கே அனுப்பினேன். முதல் முட்டாள்தனம் அது.

பார்சல் ஆறாம் நாள் வந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் புத்தம் புதிது. முப்பது வருடப் பெட்டியில் பழுப்பேறாத டேப். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை.

உள்ளே பாகங்கள் எல்லாம் ஜிப் பைகளில் உதிரியாகக் கிடந்தன. கிட்டில் சின்னப் பிளாஸ்டிக் பாகங்கள் கொத்துக் கொத்தாக ஒரு சட்டத்தில் ஒட்டியபடி வரும். ஒவ்வொன்றாக நாம்தான் நறுக்கி எடுக்க வேண்டும். இங்கே அந்தச் சட்டத்தையே காணோம். தனித் தாளில் வர வேண்டிய பந்தய எண் ஏற்கெனவே உடம்பில் ஒட்டியிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய அழுக்குக் கோடு.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. இருக்கை இருக்கும் அடித்தட்டை எடுத்து முதல் திருகாணியை வைத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. புதுக் கிட்டில் அப்படி இறங்கவே இறங்காது. பிளாஸ்டிக் துளையில் மரை இருக்காது. திருகாணியேதான் அறுத்துக்கொண்டு போகும், நம் உள்ளங்கை சிவந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். துளைக்குள் மரை தெளிவாகத் தெரிந்தது. டாஷ்போர்டின் அடியில் இரண்டு முளைகள் பிளேடால் சீவப்பட்டிருந்தன. பூட்டிய காரில் அவற்றின் தலையைச் சூட்டில் உருக்கிக் காளான்போல் அமுக்கியிருப்பார்கள். அதைச் சீவாமல் கழற்ற முடியாது.

ஆக, யாரோ அலமாரியில் வைத்திருந்த பூட்டிய காரைக் கழற்றி, எங்கோ கிடைத்த காலிக் கிட் பெட்டிக்குள் அடைத்து விற்றிருக்கிறார். பூட்டிய கார் பாதி விலைக்கே கிடைக்கும்.

படங்களோடு செய்தி அனுப்பினேன். "பிரித்த கிட்டை எப்படி சார் திரும்ப எடுப்பது?" என்று பதில் வந்தது. பிரித்தால்தான் ஏமாற்று தெரியும். பிரித்துவிட்டால் திருப்பித் தர முடியாது. இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தனிநபர் கணக்குக்கு நேரே அனுப்பிய பணம் என்பதால் பெரிய நம்பிக்கை இல்லை.

வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போது முதல் டேப்பிலிருந்தே வீடியோ எடுங்கள். விற்பவர் எவ்வளவு முகம் சுளித்தாலும், பிளாஸ்டிக் சட்டமும் ஸ்டிக்கர் தாளும் ஒரே படத்தில் தெரியும்படி கேளுங்கள். திருகாணித் துளையைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நேற்று ஒரு புது விளம்பரம் கண்ணில் பட்டது. விற்பவர் பெயர் வேறு, கார் வேறு, "பிரிக்காதது" என்ற அதே சொல். பெட்டிக்குக் கீழே பூப்போட்ட நீல மேசைவிரிப்பு.